உபயமும் உரிமையும்

தமிழ்ச் சமுதாயத்திலே தொண்டு என்னும் சொல்லுக்குள்ள மதிப்பு மிகப் பெரிது. அப்பரடிகளை உழவாரப்படை தாங்கிய கோலத்திலேயே சிற்பியர் வடித்தனர். சேக்கிழார் தமது காப்பியத்துக்கு இட்ட பெயரே திருத்தொண்டர் புராணம் என்பதாகும். ஆயின் இம்மதிப்பினுள்ளே நிபந்தனையொன்று மறைந்து கிடக்கின்றது. தொண்டு செய்பவர் அதற்காகச் சம்பளம் பெறலாகாது. அதனை எவரிடமும் கற்றிருக்க வேண்டுவதில்லை. நல்ல மனம் ஒன்றே போதும் என்பதே அந்நிபந்தனை. நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் ஐந்தாண்டு கற்றிருக்க வேண்டுமென எதிர்பார்க்கும் அதே சமுதாயம், சிதைந்த குடும்பமொன்றின் படலையைத் திறந்துகொண்டு உட்செல்பவர் எதனையேனும் கற்றிருக்க வேண்டுமென எதிர்பார்ப்பதில்லை. இந்நாட்டில் சமூகப்பணிக்கெனத் தனிப் பயிற்சி தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், கலைப்பீடத்து மாணவருட் பெரும்பாலானோர் அதனைத் தம் எதிர்காலத்தோடு சேர்த்து எண்ணாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கலைப்பட்டதாரியின் எதிர்காலம் பற்றிய கவலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1971ஆம் ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு, கற்ற இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டிற் கிடைக்கும் வேலைக்குமிடையே உள்ள பொருத்தமின்மையையே தனது அறிக்கையின் மையமாகக் கொண்டது. அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் ஆசிரியப்பணி, நிருவாக சேவைப் போட்டிப்பரீட்சை, பட்டதாரிகளைப் பெருந்தொகையாக அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகச் சேர்த்துக்கொள்ளும் அரசாங்கத் திட்டங்கள் என்ற எல்லைக்குள்ளேயே கலைப்பீட மாணவரின் கனவுகள் அலைகின்றன. வேலை கிடைக்குமா என்ற வினாவின் பேரொலியில், எந்த வேலை என்ற வினா கேட்பதேயில்லை.

சமூகவியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி இவ்விரண்டாவது வினாவை எழுப்பினாள். இறுதியாண்டு விடுமுறையில் வீட்டுக்குச் சென்றவள், பட்டத்தின்பின் சமூகப்பணி பயில விரும்புவதாகத் தெரிவித்தபோது தந்தையார் சினக்கவில்லை. "சேவை செய்யிறதெண்டால் கோயிலிலை செய்யலாம் பிள்ளை. அதுக்கேன் படிப்பு?" என்று மட்டும் கேட்டார். அது ஏளனமன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியில் பாடசாலை விறாந்தைகளிலும் மரநிழல்களிலும் தங்கியிருந்தோருக்குக் கஞ்சி வாளி சுமந்தவர் அவர். அதற்காக அவரும் எதனையும் கற்றிருக்கவில்லை. எவரும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததுமில்லை. ஆதலால் அவ்வினாவுக்கு நிறை இருந்தது. அவள் உடனே மறுமொழி கூறாமல் அதனைத் தன்னுடன் எடுத்துச் சென்றாள்.

தமிழ் மரபு இவ்விடயத்தில் ஒரு குரலில் மட்டும் பேசவில்லை என்பதை அவள் முதலிற் கண்டது மணிமேகலையிலேதான். அமுதசுரபியைக் கையில் ஏந்தியவளாகவே மணிமேகலையைப் பலரும் நினைவு கூருவர். பசித்தவர்க்கு உணவளித்தல் அக்காப்பியத்தின் பேரறம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பாத்திரத்துடன் சிறைச்சாலைக்குட் சென்று கைதிகளின் பசி தீர்த்தவள் அத்துடன் திரும்பிவிடவில்லை. அரசன் என்ன வேண்டுமெனக் கேட்டபோது, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்குமாறு வேண்டினாள். காப்பியத்தின் ஒரு காதை முழுவதும் இதற்கெனவே அமைந்துள்ளது. முதலாவது செயல் அன்றைய பசியைத் தணித்தது. இரண்டாவது, பசியோடு மனிதரை அடைத்து வைத்த இடத்தின் தன்மையையே மாற்றியது. ஆறுமுகநாவலரின் வாழ்விலும் இவ்விரண்டையும் காணலாம். 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்தவர், அத்துடன் நில்லாது அரசாங்க அதிபர் துவைனந்துரையின் பாராமுகத்தையும் கண்டித்தெழுதினார். ஈகையும் நியாயம் கேட்டலும் ஒரே கையின் இரு பக்கங்களாக இருந்த காலம் தமிழரிடையே உண்டு. பிற்காலத்தில் முதலாவது வளர்ந்தது, இரண்டாவது மெலிந்தது.

ஏனைய நாடுகளில் இவ்விரண்டாவது பக்கமே ஒரு துறையாக வளர்ந்தது. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேரி றிச்மண்ட் சமூகநிலை ஆய்ந்தறிதல் பற்றி எழுதிய நூல், உதவி வழங்குமுன் ஒரு குடும்பத்தின் நிலையை எவ்வாறு முறையாக அறிதல் வேண்டும் என்பதை விளக்கிற்று. 1936இல் பம்பாயில் தாதா அறக்கட்டளையின் ஆதரவில் இந்தியாவின் முதலாவது சமூகப்பணிப் பட்டப்பின் கல்விக்கூடம் தொடங்கிற்று. இலங்கையிலோ, சமூக சேவைகளை ஆராய்ந்து 1947இல் அறிக்கை வெளியிட்ட ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் ஆவார். அதன் பயனாக 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் உருவாயிற்று. 1952இல் கொழும்பிற் சமூகப்பணிக்கான பயிற்சி நிறுவனம் தோன்றியது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனமாயிற்று. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அங்கே சமூகப்பணியில் இளமாணிப் பட்டமும் வழங்கப்படலாயிற்று. பேராதனை வளாகத்தை எழுப்ப முன்னின்றவரும் சமூக சேவைகளுக்கான ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஒருவரே என்பது மனங்கொளத்தக்கது. ஆயினும் அவ்விரண்டுக்குமிடையே ஒரு பாதை இருத்தல் வேண்டுமென்று பின்வந்த மாணவர் தலைமுறைகள் பெரிதும் எண்ணவில்லை.

சட்டங்களும் திணைக்களங்களும் தோன்றியபோதிலும் மனநிலை அதே வேகத்தில் மாறவில்லை என்பதற்கு மக்கள் வழக்கே சான்று. வறியவர்க்கு அரசு வழங்கும் பொதுசன மாதாந்த உதவிப்பணத்தைத் தமிழ்க் கிராமங்களிற் 'பிச்சைச் சம்பளம்' என்பர். சிங்கள மக்கள் அதனைப் 'பின் படி' என்பர். புண்ணியப் படி என்பது அதன் பொருள். மொழி இரண்டாயினும் நோக்கு ஒன்றே. தமிழ்ச் சொல் பெறுபவரின் தாழ்வைக் காட்டுகின்றது. சிங்களச் சொல் கொடுப்பவரின் பேற்றைக் காட்டுகின்றது. மக்களின் வரிப்பணத்திலிருந்து ஒரு பிரசைக்கு உரிமையாகக் கிடைப்பது என்ற கருத்து இரண்டிலும் இல்லை.

இந்நோக்கு உயிருள்ள மனிதரிடத்து என்ன செய்கின்றது என்பதை அம்மாணவி தன் ஆய்வுக்கட்டுரைக்காக வட மாகாணத்துச் சிறுவர் இல்லமொன்றுக்கு மூன்று மாதம் சென்றுவந்தபோது கண்டாள். நல்ல முறையில் நடத்தப்பட்ட இல்லம் அது. பிள்ளைகள் துப்புரவாக இருந்தனர், பாடசாலைக்கு ஒழுங்காகச் சென்றனர், பராமரிப்பவர்களும் அன்புடையவர்கள். சாப்பாட்டு மண்டபத்தின் சுவரில் வெண்பலகை ஒன்று. 'இன்றைய மதிய போசனம் உபயம்' என்ற வரியின்கீழ் ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். கனடாவில் ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாள். இலண்டனில் ஒரு தம்பதியரின் திருமண நாள். சுவிஸில் வாழ்பவர் தம் தாயாருக்காகக் கொடுக்கும் ஆண்டுத் திவசம். பிள்ளைகள் வரிசையாக நின்று தேவாரம் பாடுவர், கேக் வெட்டப்படும், படங்கள் எடுக்கப்பட்டு அன்றே கடல் கடந்து செல்லும். ஒரு நாள் மாலை, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பராமரிப்பாளரிடம், "அன்ரி, நாளைக்கு ஆற்றை பிறந்தநாள்?" என்று வினவினான். நாளைக்கு என்ன சாப்பாடு என்பதே அவ்வினாவின் பொருள். தன் பிறந்தநாளை அவன் அங்கே கேட்கவில்லை.

அவ்வில்லத்துப் பிள்ளைகளிற் பலர் அநாதைகளல்லர். இது அவ்வில்லத்துக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் நிறுவனங்களில் வாழும் சிறுவருட் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் உள்ளனர் என்பதும், அவர்கள் அங்கே வந்தமைக்கு வறுமையே முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பதும் ஆய்வுகளிற் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டவை. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பிள்ளை இயன்றவரை தன் குடும்பத்தில் வளர்தல் வேண்டும், வறுமையொன்றே பிள்ளையைக் குடும்பத்தினின்று பிரிக்கக் காரணமாகலாகாது என்பதை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களும் வலியுறுத்துகின்றன. உபயகாரரின் அன்பு பிள்ளைக்கு உணவளித்தது. ஆயின் இப்பிள்ளை ஏன் தன் தாயின் கையால் உண்ணவில்லை என்ற வினாவை அவ்வன்பு கேட்கவில்லை. கேட்பது அதன் வேலையுமன்று. அது வேறொருவரின் வேலை.

அவ்வேறொருவரை மாணவி அங்கேயே சந்தித்தாள். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய நன்னடத்தை உத்தியோகத்தர் அவர். சிறுவரைப் பற்றிய தீர்மானத்துக்குமுன் அப்பிள்ளையின் வீடு, குடும்பம், பாடசாலை ஆகியவற்றை விசாரித்து நீதிமன்றத்துக்குச் சமூக அறிக்கை கொடுப்பது நன்னடத்தைச் சேவையின் முதற் கடமைகளுள் ஒன்று. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் 1944ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும் இச்சேவைக்கு அடித்தளமிட்டன. 1956இல் தனித் திணைக்களம் அமைந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்பின் மாகாணங்களுக்கும் இப்பொறுப்பு வந்தது. உத்தியோகத்தரின் கைப்பையில் எப்பொழுதும் சில கோவைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றையேனும் அவர் மாணவிக்குக் காட்டவில்லை. "அது என்ரை இல்லைப் பிள்ளை, அந்தச் சனத்தின்ரை" என்றார். சமூகப்பணியின் பாடநூல்கள் இரகசியம் பேணல் என்ற தலைப்பில் விரித்துரைப்பதனை அவள் அவ்வொரு வாக்கியத்திற் கற்றுக்கொண்டாள்.

ஆதலால் பின்வரும் செய்தி கோவையிலிருந்து பெறப்பட்டதன்று. தாய் ஒருத்தி தன் வீட்டுத் திண்ணையிலிருந்து தானே கூறியது. அவள் வீடு வன்னிக் கிராமமொன்றில் உள்ளது. கணவர் தொழில் தேடிச் சென்ற இடத்தில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். அவள் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியுமுன் பஸ் ஏறி, இருண்டபின் திரும்புபவள். வீட்டுத்திட்டத்திற் கிடைத்த பணம் கூரையோடு முடிந்தது. நிலைகள் இருந்தன, கதவுகள் இல்லை. மகள் பன்னிரண்டு வயதிற் பெரியபிள்ளையானாள். கதவில்லாத வீட்டில், பகல் முழுவதும், தனியே. அயலவர் ஒருவர் சொல்லக் கேட்டு, நன்றாகப் படிப்பாள் என்ற நம்பிக்கையுடன் இல்லத்திற் சேர்த்துவிட்டாள். இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

உத்தியோகத்தர் அத்தாயிடம் முதன்முறை வந்தபோது, பெற்ற பிள்ளையை ஏன் விட்டீர்கள் என்று கேட்கவில்லை. அவ்வினாவைக் கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். அல்லது பொய் கூறியிருப்பாள். "என்ன இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவீங்கள் அம்மா?" என்று கேட்டார். தாய் நெடுநேரம் மௌனமாயிருந்து, "ஒரு கதவு இருந்தால் காணும் மிஸ்" என்றாள்.

கதவு மட்டும் போதாது என்பதை உத்தியோகத்தர் அறிவார். அதன்பின் அவர் செய்தவை கண்ணுக்குப் புலப்படாத சிறு சிறு காரியங்கள். மூன்று வீடு தள்ளியிருந்த பெரியம்மாவுடன் தாய்க்கிருந்த பழைய மனத்தாங்கலை இருவரையும் தனித்தனியே சந்தித்துக் கேட்டறிந்தார். பாடசாலை விட்டபின் தாய் வரும்வரை பிள்ளை எங்கே இருப்பாள் என்பதற்கு அம்மூவரிடமே விடை பெற்றார். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் கிராம உத்தியோகத்தரையும் ஒரே நாளில் அவ்வீட்டுக்கு அழைத்துவந்தார். ஊர்ப் பாடசாலை அதிபருடன் இடம் பேசினார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையைக் கேட்டார். அவள் தவணைப் பரீட்சை முடிந்தபின்னரே போக விரும்புவதாகக் கூற, எல்லோரும் காத்திருந்தனர். கதவுக்காக இல்லப் பொறுப்பாளர் வழக்கமான உபயகாரர் ஒருவருடன் தொலைபேசியிற் பேசினார். "பிள்ளையளின்ரை சாப்பாட்டுக்கெண்டால் உடனை அனுப்புவன். கதவுக்கு எப்பிடி?" என்று அவர் முதலிலே தயங்கினார். விளக்கம் கேட்டபின் இரண்டு கதவுகளுக்கும் பணம் அனுப்பினார். அது ஒரு சில மதிய போசனங்களின் செலவைவிட அதிகமன்று. அனைத்துக்குமாகப் பதினொரு மாதங்கள் சென்றன. பிள்ளை வீடு திரும்பிய நாளில் எவரும் படம் எடுக்கவில்லை. உத்தியோகத்தர் அதன்பின்னரும் மாதமொருமுறை அவ்வழியே சென்றுவந்தார்.

படிப்பு எதற்கு என்ற தந்தையாரின் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. இச்செய்தியில் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. தாய்க்கு இருந்தது, இல்லத்துக்கு இருந்தது, கடல் கடந்து வாழ்ந்த உபயகாரருக்கும் இருந்தது. இல்லாதிருந்தது, கதவு எங்கே இல்லை என்பதைக் கண்டறியும் முறையே. எந்த வினாவைக் கேட்பது, எதனைக் கேளாது விடுவது, யாரை யாருடன் சேர்ப்பது, சட்டம் எதற்கு இடமளிக்கின்றது, எப்பொழுது காத்திருப்பது, எப்பொழுது விலகிக்கொள்வது என்பன நல்ல மனம் படைத்தோருக்குத் தாமாகவே வந்துவிடுவன அல்ல. அவை கற்கப்பட வேண்டியவை. பிறர் மேற்பார்வையிற் பழகப்பட வேண்டியவை. சமூகப்பணிக் கல்வியில் விரிவுரை மண்டபத்துக்குச் சமமான இடம் களப்பயிற்சிக்கு அளிக்கப்படுவது இதனாலேயே. கஞ்சி வாளி சுமந்தவரின் தொண்டினை இது சிறுமைப்படுத்துவதாகாது. இடப்பெயர்வின் முதல் இரவிற் கஞ்சியே வேண்டும். பத்தாவது ஆண்டிலும் கஞ்சியே வழங்கப்படுமாயின், அங்கே வேறொன்று தவறிவிட்டது என்பதே பொருள்.

இத்தொழிலைப் புகழ்ந்துரைத்து இளையோரை அழைப்பது நேர்மையாகாது. சம்பளம் பெரிதன்று. போரின்பின்னும் ஆழிப்பேரலையின்பின்னும் உளசமூகப் பணிக்கெனத் தோன்றிய அரச சார்பற்ற நிறுவனப் பதவிகள் பல, நிதி முடிந்தவுடன் முடிந்தன. ஒருவர் கையில் ஏராளமான கோவைகள். செல்ல வேண்டிய கிராமங்களோ ஒன்றுக்கொன்று தொலைவில். எல்லாக் கதையும் கதவோடு முடிவதுமில்லை. வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையொன்று, குடிக்கு அடிமையான உறவினர் ஒருவரால், ஐந்து மாதத்தில் மீண்டும் இல்லத்துக்கு வந்ததை உத்தியோகத்தரே கூறினார். வீடே ஆபத்தாக உள்ள பிள்ளைகளுக்கு இல்லந்தான் புகலிடம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. குடும்பம் என்ற சொல்லைப் பூசைக்குரியதாக்குவதும், இல்லம் என்ற சொல்லைப் பழிப்பதும் இத்தொழிலில் ஒருங்கே தவறானவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் விடை தனித்தனியே தேடப்படல் வேண்டும். அத்தேடலின் சோர்வைத் தாங்குதலும் கற்க வேண்டியதொன்றே. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் போர்க்கால, போர்ப்பிற்காலச் சமுதாயத்தின் கூட்டு வடுக்களை ஆராய்ந்து எழுதியவற்றைப் படிப்போர், வடுப்பட்ட சமுதாயத்திற் பணிசெய்வோரும் அச்சமுதாயத்தினரே என்பதை எளிதில் மறவார்.

இவ்விடத்திற் கலைப்பீடத்தின் பொறுப்பு நோக்கற்பாலது. சமூகவியல் குடும்பத்தை ஓர் அமைப்பாக ஆராய்கின்றது; பொருளியல் வறுமையை அளக்கின்றது; வரலாறு இடப்பெயர்வுகளைப் பதிவு செய்கின்றது; இலக்கியம் மனிதர் சொல்லாமல் விடுவதைக் கேட்கப் பழக்குகின்றது. கதவில்லாத நிலையின்முன் நிற்கும் ஒருவருக்கு இந்நான்கும் வேண்டும். பரீட்சை மண்டபத்தைத் தாண்டி இவற்றுக்குப் பயன் உண்டோ என்று ஐயுறும் மாணவருக்கு, பயன் உண்டு, ஆனால் அதற்கெனத் தனிப்பயிற்சி வேண்டும் என்று கூற வேண்டிய கடமை விரிவுரையாளர்க்கு உண்டு. 2014ஆம் ஆண்டில் மெல்பேணிற் சமூகப்பணியாளரின் சர்வதேச அமைப்புக்கள் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம் சமூகப்பணியைத் தொழிலெனவும் கல்வித்துறையெனவும் ஒருங்கே கூறுகின்றது. சமூக நீதியையும் மனித உரிமைகளையும் அதன் மையத்தில் வைக்கின்றது. தமிழ்மொழியில் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதவும், தமிழ்க் குடும்பங்களின் மனத்தாங்கல்களை அவற்றின் மொழியிலேயே கேட்கவும் வல்ல பயின்ற பணியாளர் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பெருகும்வரை, அவ்வரைவிலக்கணம் தமிழர்க்கு ஏட்டுச் சுரைக்காயே.

அம்மாணவி பட்டப்பின் பயிற்சிக்கான விண்ணப்பத்தை நிரப்பினாள். இத்துறையைத் தெரிந்தமைக்கான காரணம் யாதென்ற கேள்விக்கு, மக்களுக்குச் சேவை செய்யும் ஆர்வம் என்று எழுதுவதே வழக்கம். அவள் அதனை எழுதவில்லை. உதவி பெறுபவர் கைகூப்பி நிற்க வேண்டாத நிலையை உருவாக்கும் முறையைக் கற்க விரும்புவதாக எழுதினாள். விண்ணப்பத்தில் அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் இரண்டு வரிகளே. அது போதுமாயிருந்தது.